நோய்களுக்கு மருத்துவர் பெயர்: முதலில் கண்டவர் பெயர்தானா? தமிழில் எப்படி எழுதுவது?

சொல்தேடி (கேள்வி):

பொது வாசகர்களுக்கான மருத்துவச் சொல்லடைவு ஒன்றைச் சில மாதங்களாகத் தொகுத்து வருகிறேன். நான் மருத்துவம் படித்தவன் அல்லன். மொழிபெயர்ப்பே என் தொழில். உறுப்புகளின் பெயர்களும் மருந்து வகைகளின் பெயர்களும் எனக்கு அதிகத் தொல்லை தரவில்லை. மனிதர்களின் பெயரைத் தாங்கிய நோய்களிடம்தான் சிக்கிக்கொண்டிருக்கிறேன். பார்க்கின்சன், அல்சைமர், ஹாட்ஜ்கின், கிரேவ்ஸ், க்ரோன், குஷிங் என்று அந்த வரிசை நீண்டுகொண்டே போகிறது.

"இந்நோயை முதன்முதலில் விவரித்த மருத்துவரின் பெயரால் வழங்குவது" என்று ஒரே வாக்கியத்தை எழுதி, பெயரை மட்டும் மாற்றி எல்லாப் பதிவுகளுக்கும் வைத்துவிடலாம் என்று முதலில் எண்ணினேன். நான்காவது பதிவுக்கு வருவதற்குள் அந்த எண்ணம் குலைந்துவிட்டது. ஆங்கில நூல்கள் கிரேவ்ஸ் நோய் என்று சொல்லும் தைராய்டு நோயை ஜெர்மன் நூல்கள் பாசெடோவ் நோய் என்கின்றன. இருவரில் யார் முந்தியவர் என்று தேடிப் போனால், இருவருக்கும் முன்னால் மூன்றாமவர் ஒருவர் நிற்கிறார். அப்படியானால் இந்தப் பெயர்களை உண்மையில் சூட்டுவது யார், எந்த அடிப்படையில்?

அடுத்த ஐயம் என் தொழிலைச் சார்ந்தது. பெயரை ஒலிபெயர்த்து அப்படியே வைப்பதா, நோயின் இயல்பைச் சொல்லும் தமிழ்ச் சொல்லை வைப்பதா? பார்க்கின்சன் நோய்க்கு நடுக்குவாதம் என்றும், அல்சைமர் நோய்க்கு மறதி நோய் என்றும் ஏற்கெனவே சொற்கள் புழங்குகின்றன. அவையே வாசகருக்கு எளியவை என்று எனக்குத் தோன்றுகிறது. பெயரை வைப்பதானால், "பார்க்கின்சன் நோய்" என்பதா, "பார்க்கின்சனின் நோய்" என்பதா என்ற சிறு கேள்வியும் கூடவே இருக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பு ஒன்று கிரேவ்ஸ் நோயைக் "கல்லறை நோய்" என்று தந்ததைப் பார்த்த பிறகு, எதையும் கேட்காமல் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.


பழைய ஸ்டெதாஸ்கோப்:

சொல்தேடி அவர்களுக்கு வணக்கம். பொது மருத்துவம் பார்த்தும் கற்பித்தும் ஓய்வு பெற்றவன் நான். உங்கள் வாக்கியத்தில் "முதன்முதலில்" என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் பெரும்பாலான பதிவுகளுக்கு அது பொருந்திவிடும். நோய்க்குத் தம் பெயர் வழங்கப்போகிறது என்பதை அறியாமலேயே இறந்தவர்கள் இவர்களில் பலர். பெயரைச் சூட்டியவர் பெரும்பாலும் பின்னால் வந்த, செல்வாக்குள்ள, பழைய கட்டுரையைத் தேடிப் படித்த இன்னொரு மருத்துவர்.

பார்க்கின்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் மருத்துவம் பார்த்தவர். 1817ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு நூலில் ஆறே ஆறு நோயாளிகளைப் பற்றித்தான் எழுதினார். அவர்களிலும் இருவர் தெருவில் தற்செயலாக எதிர்ப்பட்டவர்கள். ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. இருந்தும், ஓய்விலிருக்கும் கை நடுங்குவதையும், உடல் முன்னோக்கிக் குனிவதையும், நடை தானாக ஓட்டமாக மாறுவதையும் ஒரே நோயின் பல முகங்களாக அவர் கண்டுகொண்டார். அந்த நோய்க்கு அவர் வைத்த பெயர் "நடுங்கும் வாதம்" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, பாரிஸில் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்கோ அந்தப் பெயர் பொருந்தாது என்று வாதிட்டார். இந்நோயாளிகளின் தசை வலு போய்விடவில்லை, ஆகவே இது வாதம் அன்று. நடுக்கமே இல்லாத நோயாளிகளும் இருக்கிறார்கள், ஆகவே "நடுங்கும்" என்பதும் முழுமையாகாது. நோயை விவரித்தவரின் பெயரையே வைத்துவிடலாம் என்று அவர்தான் முன்மொழிந்தார். பார்க்கின்சன் 1824ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார்.

இப்போது உங்கள் "நடுக்குவாதம்" என்ற சொல்லைப் பாருங்கள். ஷார்கோ தவறு என்று ஒதுக்கிய பெயரின் இரண்டு பாதிகளும் அதில் அப்படியே இருக்கின்றன. பக்கவாதத்தில் கை கால் விழுந்துபோவதைப் பார்த்த வாசகர், நடுக்குவாதம் என்றால் அதுபோன்றதே என்று எண்ணிக்கொள்வார். நடுக்கம் இல்லாமல் விறைப்பும் மந்தமும் மட்டுமே கொண்ட ஒருவருக்கு இந்த நோய்ப்பெயரைச் சொன்னால், "எனக்குத்தான் நடுக்கமே இல்லையே" என்று மறுத்துவிடுவார். அப்படி மறுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஹாட்ஜ்கின் கதை இன்னும் விந்தையானது. தாமஸ் ஹாட்ஜ்கின் 1832ஆம் ஆண்டில் நிணநீர்க்கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்த ஏழு பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பின்னர் அவர் பணியாற்றிய அதே கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ், முன்னவர் எழுதியதை அறியாமலேயே அதே நோயைத் தாமும் கண்டார். பிறகு உண்மை தெரிந்ததும், தமக்கு வந்திருக்கக்கூடிய பெருமையை விட்டுக்கொடுத்து, 1865ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே அதனை ஹாட்ஜ்கின் நோய் என்று குறித்தார். ஹாட்ஜ்கின் வெறும் கண்ணால் பார்த்தே எழுதியவர். அவருடைய ஏழு பேரில் சிலரின் திசுக்கள் மருத்துவமனை அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டிருந்தன. 1926ஆம் ஆண்டில் அவற்றை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவற்றில் சில ஹாட்ஜ்கின் நோய் அல்ல என்று தெரிந்தது. அதாவது ஹாட்ஜ்கின் விவரித்தவர்களில் சிலருக்கு ஹாட்ஜ்கின் நோய் இல்லை! ஆனாலும் பெயர் நிலைத்தது. அதோடு, அந்த வகையில் சேராத நிணநீர்ப் புற்றுகள் அனைத்தும் "ஹாட்ஜ்கின் அல்லாதவை" என்று எதிர்மறையாகவும் அவர் பெயரையே சுமக்கின்றன.

நீங்கள் கேட்ட கிரேவ்ஸ் விவகாரம் மொழி எல்லையில் பிறந்தது. டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் 1835ஆம் ஆண்டில் எழுதினார். ஜெர்மனியில் கார்ல் வான் பாசெடோவ் 1840ஆம் ஆண்டில் எழுதினார். அவரவர் மொழியில் படித்தவர்கள் அவரவர் மருத்துவரைப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் கண்ட மூன்றாமவர் இங்கிலாந்தின் கேலப் பாரி. அவருடைய குறிப்புகள் அவர் இறந்த பிறகு 1825ஆம் ஆண்டில் அச்சேறின. காலக்கணக்கில் அவரே முந்தியவர், ஆனால் அவர் பெயரை வைக்க ஷார்கோவைப் போலவோ வில்க்ஸைப் போலவோ ஒருவர் வாய்க்கவில்லை. க்ரோன் நோயில் இதைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. 1932ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்கள் க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூவர். பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டதால் க்ரோன் முன்னால் நின்றார். ஸ்காட்லாந்தின் டால்ஜீல் என்ற அறுவை மருத்துவர் 1913ஆம் ஆண்டிலேயே இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்.

எந்த அறிவியல் கண்டுபிடிப்பும் அதை முதலில் கண்டவரின் பெயரைப் பெறுவதில்லை என்று புள்ளியியலாளர் ஸ்டீபன் ஸ்டிக்லர் 1980ஆம் ஆண்டில் ஒரு விதியை வகுத்தார். அந்த விதிக்குத் தம் பெயரையே சூட்டிவிட்டு, அதை முதலில் சொன்னவர் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் என்றும் அவரே குறிப்பிட்டார். விளையாட்டுதான் என்றாலும் மருத்துவத்தில் அது கிட்டத்தட்ட உண்மை.

பெயரை வைப்பதா, பொருளை வைப்பதா என்ற உங்கள் இரண்டாவது கேள்வியில் நான் பெயரின் பக்கம் நிற்கிறேன். நோயின் இயல்பைச் சொல்லும் பெயர், அதைச் சூட்டிய காலத்தின் அறிவோடு கட்டப்பட்டுவிடுகிறது. அறிவு நகர்ந்தால் பெயர் பொய்யாகிறது. க்ரோனும் மற்ற இருவரும் தங்கள் கட்டுரையில் வைத்த பெயர், சிறுகுடலின் கடைப்பகுதியில் ஓரிடத்து அழற்சி என்பது. இன்றோ அந்த நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம் என்று அறிவோம். ஹண்டிங்டன் நோயை ஒரு காலத்தில் ஹண்டிங்டன் கொரியா என்றார்கள். உடல் நெளியும் அந்தக் கொரியா அசைவு எல்லா நோயாளிகளிடமும் முதன்மையாக இருப்பதில்லை என்பதால் அந்தச் சொல்தான் உதிர்ந்தது, ஹண்டிங்டன் நின்றார். மருத்துவப் பட்டம் பெற்ற மறு ஆண்டில், 22 வயதில் அவர் எழுதிய கட்டுரை அது. ஹாஷிமோட்டோ ஹக்காரு 1912ஆம் ஆண்டில் ஜெர்மன் இதழில் நான்கு பெண்களின் தைராய்டு வீக்கத்தை விவரித்தபோது, உடலின் நோயெதிர்ப்பே தைராய்டைத் தாக்குகிறது என்பது எவருக்கும் தெரியாது. அது 1956ஆம் ஆண்டில்தான் தெரிந்தது. அத்தனை மாற்றத்துக்கும் ஹாஷிமோட்டோ என்ற பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆட்பெயர் நோயின் காரணத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதனாலேயே அது பிழையாவதில்லை.

"மறதி நோய்" என்பதை அல்சைமருக்கு மட்டும் வைக்காதீர்கள். மூளையின் இரத்தக்குழாய் அடைப்பாலும் வேறு பல காரணங்களாலும் வருபவை எல்லாம் மறதி நோய்களே. அல்சைமர் அவற்றில் ஒன்று. அந்தப் பெயரை வைத்தவரும் அல்சைமர் அல்லர். 1901ஆம் ஆண்டில் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்ந்த 51 வயதுப் பெண்மணியை அவர் கவனித்தார். அப்பெண்மணி 1906இல் இறந்த பின் மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கனில் உரையாற்றினார். 1910ஆம் ஆண்டில் தம் பாடநூலில் அல்சைமர் நோய் என்று எழுதியவர் மனநல மருத்துவர் எமில் கிரெப்லின்.


இலக்கணப்பித்தன்:

மருத்துவம் எனக்குத் தெரியாது. "இன்" உருபு பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

இந்தச் சிக்கல் ஆங்கிலத்தில் உண்மையான சிக்கல். அங்கே பெயரை ஒட்டி உடைமைக் குறியை இடுவதா வேண்டாமா என்று நெடுங்காலமாக வழக்கு நடக்கிறது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கூடிய ஒரு குழு, நோயை விவரித்தவருக்கு அந்த நோய் இருந்ததும் இல்லை, அது அவருடைய உடைமையும் இல்லை, ஆகவே உடைமைக் குறி வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஆயினும் இன்றுவரை சில இதழ்கள் இடுகின்றன, சில விடுகின்றன.

தமிழில் இந்த வழக்குக்கே இடமில்லை. "பார்க்கின்சன் நோய்" என்பது தொகை. உருபு மறைந்து நிற்பதால் அதை எப்படி விரிப்பது என்பதைப் பொருள்தான் தீர்மானிக்கிறது. இங்கே விரிவு "பார்க்கின்சனால் விவரிக்கப்பட்ட நோய்" என்பதே. ஆகவே இது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. "பார்க்கின்சனின் நோய்" என்று நீங்கள் விரித்து எழுதினால், ஆறாம் வேற்றுமைப் பொருளை வலிந்து கொண்டுவந்து, நோயை அந்த மனிதரின் உடம்பில் ஏற்றிவிடுகிறீர்கள். பார்க்கின்சன் என்பவர் நோயுற்று இறந்தவர் போலும் என்று வாசகர் எண்ணினால் பிழை வாசகருடையதன்று.

நோயாளியின் பெயரால் அமைந்த நோய்களும் உண்டு என்று படித்திருக்கிறேன். அமெரிக்கப் பேஸ்பால் வீரர் லூ கெரிக்கின் பெயரால் வழங்கும் நரம்பு நோய் அத்தகையது. "கெரிக் நோய்" என்பதை மட்டும் "கெரிக்கினது நோய்" என்றோ "கெரிக்குக்கு வந்த நோய்" என்றோ தாராளமாக விரிக்கலாம். வெளித்தோற்றத்தில் "பார்க்கின்சன் நோய்", "கெரிக் நோய்" இரண்டும் ஒன்றே. உள்ளே மறைந்திருக்கும் வேற்றுமை வேறு. அடிக்குறிப்பில் நீங்கள் எழுத வேண்டியது அந்த விரிவைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. "தந்தைக்குப் பார்க்கின்சன் வந்திருக்கிறது" என்று பேச்சில் சொல்லும்போது நோய் என்ற சொல்லே விழுந்துவிடுகிறது. அப்போது அது தொகையும் அன்று. "வள்ளுவரைப் படித்தேன்" என்பதுபோலக் கருத்தாவின் பெயர் அவர் செய்ததற்கு ஆகிவரும் ஆகுபெயர். நூலை இயற்றியவரையும் நோயை எழுதியவரையும் தமிழ் ஒரே முறையில் நடத்துவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.


நுண்ணோக்கி:

பழைய ஸ்டெதாஸ்கோப் ஐயா சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆட்பெயர் பிழையாவதில்லை என்ற அவருடைய முடிவில்தான் மறுப்பு உண்டு. நான் நோய்க்கூறு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். என் மேசைக்கு வரும் துண்டுச்சீட்டுகளில் ஆட்பெயர் அடிக்கடி பிழையாகிறது.

பயிற்சிக் காலத்தில் எனக்கு நேர்ந்தது இது. திசு மாதிரியோடு வந்த சீட்டில், "பேஜட்டா எனப் பார்க்கவும்" என்ற குறிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. எந்த உறுப்பு என்பதற்கான கட்டம் வெறுமையாக இருந்தது. ஜேம்ஸ் பேஜட் 1874ஆம் ஆண்டில் மார்பகக் காம்பில் புண்ணாகத் தோன்றிப் புற்றோடு தொடர்புடையதாக இருக்கும் ஒரு நோயை விவரித்தார். 1877ஆம் ஆண்டில் எலும்பு தடித்து வளைந்துபோகும், முற்றிலும் தொடர்பில்லாத வேறொரு நோயை விவரித்தார். இரண்டும் பேஜட் நோயே. அன்று தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாதிரியைப் பதப்படுத்தும் முறையே எலும்புக்கும் தோலுக்கும் வேறு என்பதால், கேட்காமல் தொடங்கியிருந்தால் கெட்டிருக்கும்.

ஒருவர் திறமைசாலியாக இருந்துவிட்டால் இந்தக் குழப்பம் பெருகுகிறது. ஹார்வி குஷிங்கின் பெயரில் ஒரு நோய், ஒரு நோய்க்குறித் தொகுப்பு, ஒரு புண், ஓர் அனிச்சை எல்லாம் உண்டு. இவற்றில் முதல் இரண்டையும் உங்கள் சொல்லடைவு கட்டாயம் பிரித்துக் காட்ட வேண்டும். உடலில் கார்டிசால் மிகுந்து முகம் உருண்டு, வயிறு பெருத்து, தோல் மெலிந்து தோன்றும் நிலை எந்தக் காரணத்தால் வந்தாலும், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டதால் வந்தாலும்கூட, அது குஷிங் நோய்க்குறித் தொகுப்பு. பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டி காரணமாக இருந்தால் மட்டுமே குஷிங் நோய். மருத்துவரின் பெயர் இந்த வேறுபாட்டைச் சொல்லவே சொல்லாது.

பெயர் ஒன்று, ஆள் வேறு என்ற பொறியும் இருக்கிறது. கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் ஷோகிரன் நோய் 1933ஆம் ஆண்டில் எழுதிய ஹென்ரிக் ஷோகிரனுடையது; ஷோகிரன்–லார்சன் நோய்க்குறித் தொகுப்பில் வருபவர் டோர்ஸ்டென் ஷோகிரன் என்ற வேறொருவர். பெயருக்குப் பொருளிருப்பதுபோல் தோன்றும் பொறியைக் "கல்லறை நோய்" வழியாக நீங்களே கண்டுவிட்டீர்கள். ஷார்கோ–மரி–டூத் நோயைக் கவனமாகக் கையாளுங்கள். அது கால் கைகளின் நரம்புகளைப் பற்றிய பரம்பரை நோய். டூத் என்பவர் ஹோவர்ட் டூத் என்ற ஆங்கில மருத்துவர். பல்லுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கிறிஸ்துமஸ் நோய் ஹீமோஃபீலியாவின் ஒரு வகை. 1952ஆம் ஆண்டில் அது முதலில் விரிவாக ஆராயப்பட்ட ஐந்து வயதுச் சிறுவனின் குடும்பப்பெயர் கிறிஸ்துமஸ். அந்தக் கட்டுரை பிரித்தானிய மருத்துவ இதழின் கிறிஸ்துமஸ் வார இதழில் வந்ததால், திருநாளை ஒட்டி வைத்த பெயர் என்றே பலர் நம்புகிறார்கள்.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். பெரிய மறுப்பு வேறு. ஒரு மனிதரின் பெயரை நோய்க்கு வைப்பது மதிப்புச் செய்வது என்றால், அந்த மதிப்புக்கு அவர் உரியவரா என்ற கேள்வியும் கூடவே எழும். மூட்டழற்சியோடு கண்ணழற்சியும் சிறுநீர்வழி அழற்சியும் சேர்ந்து வருவதை 1916ஆம் ஆண்டில் எழுதிய ஹான்ஸ் ரைட்டர், பின்னாளில் நாஜி ஆட்சியின் நலவாழ்வுத் துறையில் உயர்பதவி வகித்தவர். புக்கன்வால்ட் முகாமில் கைதிகள்மீது நடந்த டைபஸ் சோதனைகளில் அவருக்குத் தொடர்பு இருந்தது. இன்று அந்த நோயை எதிர்வினை மூட்டழற்சி என்றே எழுதுகிறோம். இரத்தக்குழாய் அழற்சி நோய் ஒன்றுக்குப் பெயர் தந்த ஜெர்மன் மருத்துவர் வெகனரும் நாஜிக் கட்சி உறுப்பினர். 2011ஆம் ஆண்டில் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் கூடி அவர் பெயரை விலக்கி, இரத்தக்குழாய் அழற்சியின் இயல்பைச் சொல்லும் பெயரைப் பரிந்துரைத்தன. பெயர் எதையும் சொல்வதில்லை என்கிறீர்கள். இவர்களுடைய பெயர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தன.


சொல்தேடி:

மூவருக்கும் நன்றி. நடுக்குவாதத்தை முதன்மைச் சொல்லாக வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். தேடி வருபவர்களுக்காக அதை ஒரு சுட்டுப்பதிவாக மட்டும் வைத்து, பார்க்கின்சன் நோய்க்கு வழிகாட்டுவேன். பேஜட்டை மார்பகப் பேஜட் நோய், எலும்புப் பேஜட் நோய் என்று இரண்டு பதிவாக்கியும்விட்டேன்.

நுண்ணோக்கி அவர்களின் கடைசி மறுப்பு என்னைத் தயங்க வைக்கிறது. நேர்மாறான எடுத்துக்காட்டுகளும் கண்ணில் படுகின்றன. தொழுநோய் என்ற சொல்லோடு ஒட்டியிருக்கும் இழிவை நீக்குவதற்காகவே ஹான்சன் நோய் என்ற பெயரைப் பரப்புகிறார்கள். டௌன் நோய்க்குறித் தொகுப்பிலும் பழைய பெயர் ஓர் இனத்தாரை இழிவுபடுத்தியதால்தான் மாற்றினார்கள் என்று படித்தேன். அங்கெல்லாம் ஆட்பெயர் ஓர் அடைக்கலமாகவே பயன்படுகிறது அல்லவா?


பழைய ஸ்டெதாஸ்கோப்:

அடைக்கலம்தான், ஆனால் அங்கேயும் நுண்ணோக்கி அவர்கள் கதவைத் தட்டலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜான் லாங்டன் டௌன் 1866ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலேதான் அந்த இழிவின் விதை இருக்கிறது. அறிவு வளர்ச்சி குன்றியவர்களை முகத்தோற்றத்தை வைத்து இனங்களாகப் பிரிக்க முயன்றவர் அவர். மங்கோலியர் பெயரை இந்த நோயோடு சேர்த்தவரும் அவரே. 1959ஆம் ஆண்டில் ஜெரோம் லெஜோனும் உடன் பணியாற்றியவர்களும் இந்த நிலைக்குக் காரணம் கூடுதலாக இருக்கும் 21ஆவது குரோமோசோம் என்று அறிவித்தார்கள். அதன்பின் 1961ஆம் ஆண்டில் 19 அறிவியலாளர்கள் லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதி, பழைய பெயரைக் கைவிடுமாறு கேட்டார்கள். 1965ஆம் ஆண்டில் மங்கோலியாவின் வேண்டுகோளை ஏற்று உலக சுகாதார நிறுவனமும் அதைக் கைவிட்டது. ஆக, டௌன் வைத்த பெயரைத் துடைப்பதற்கு டௌனின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். கடிதத்தில் சொல்லப்பட்ட மாற்றுப் பெயர்களில் குரோமோசோமைக் குறிக்கும் பெயரும் ஒன்று. அதுவே நிலைத்திருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

ஹான்சன் கதையும் அப்படியே. நார்வேயின் பெர்கன் நகரில் கெர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டில் தொழுநோயாளிகளின் திசுவில் கோல்வடிவக் கிருமிகளைக் கண்டார். தொழுநோய் பரம்பரையாக வருவது என்று பலரும் நம்பிய காலம் அது. ஆனால் அது தொற்றுநோய் என்று நிறுவும் வேகத்தில், ஒரு பெண் நோயாளியின் கண்ணில் அவருடைய இசைவைப் பெறாமலேயே நோய்த்திசுவைச் செலுத்தினார். அதனால் எழுந்த வழக்கில் 1880ஆம் ஆண்டில் தீர்ப்பு ஹான்சனுக்கு எதிராக வந்தது. மருத்துவமனைப் பதவியை இழந்தார், நாட்டின் தொழுநோய் அதிகாரி என்ற பொறுப்பு மட்டும் அவரிடம் நீடித்தது. நோயாளியின் மானத்தைக் காக்கவென்று நாம் எடுத்துக்கொண்ட பெயர், நோயாளியின் இசைவை மதிக்காத ஒருவருடையது. அப்படியிருந்தும் நோயாளி "ஹான்சன் நோய்" என்ற சொல்லைக் கேட்கும்போது தலை குனிவதில்லை என்றால், பதிவில் அதை முன்வைத்துத் தொழுநோயைச் சுட்டுப்பதிவாக்குவதையே நான் விரும்புவேன். குறிப்பில் வழக்கைப் பற்றி ஒரு வரி இருக்கட்டும்.

இத்தனை மனக்கசப்புக்கு நடுவே எனக்குப் பிடித்த பெயர் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் நிறம், இதயத்துடிப்பு, தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை, தசை இறுக்கம், மூச்சு ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் இட்டு, பத்துக்கு எவ்வளவு என்று சொல்லும் முறையை மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து, அவர் பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளும் அந்த ஐந்து கூறுகளின் முதலெழுத்தாகும்படி ஒருவர் சொற்களைத் தேடி அமைத்தார். விளைவாக, அது எழுத்துச் சுருக்கம் என்றே எண்ணி, அப்படி ஒரு பெண்மணி இருந்தார் என்பதை அறியாமலேயே பலர் படித்து முடிக்கிறார்கள். உங்கள் அடைவில் அதைப் புள்ளி வைத்துப் பிரித்து எழுதிவிடாதீர்கள்.


நுண்ணோக்கி:

இலக்கணப்பித்தன் அவர்களின் மூன்றாம் வேற்றுமை, ஆறாம் வேற்றுமைப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்தது. ஆகவே அதற்கு அடங்காத இருவரை அவர் முன் வைக்கிறேன்.

பிரெஞ்சு மருத்துவர் ஆர்மான் ட்ரூசோ, உடலில் ஓரிடம் விட்டு ஓரிடம் நாளங்களில் இரத்தம் உறைந்து அழற்சி தோன்றினால், உள்ளே புற்று மறைந்திருக்கலாம் என்று 1865ஆம் ஆண்டில் கற்பித்தார். 1867ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்த அறிகுறி அவர் கையிலேயே தோன்றியது. அதன் பொருள் என்னவென்று அவருக்கு விளக்க வேறொருவர் தேவைப்படவில்லை. சில மாதங்களில் புற்றால் இறந்தார். ட்ரூசோ அறிகுறி என்பதை எப்படி விரிப்பீர்கள்?

மற்றவர் பெருவின் டேனியல் கரியோன். இவர் மருத்துவர்கூட அல்லர், மாணவர். தோலில் முடிச்சுகளாக எழும் பெருவியன் மரு நோயும், கடுங்காய்ச்சலாக வந்து கொல்லும் ஓரோயா காய்ச்சலும் ஒன்றா வேறா என்ற கேள்வி அப்போது தீராமல் இருந்தது. 1885ஆம் ஆண்டில் ஒரு நோயாளியின் மருவிலிருந்து எடுத்ததைத் தம் கையில் ஏற்றிக்கொண்டார். அவருக்கு வந்தது காய்ச்சல்; தமக்கு நேர்வதைக் குறிப்பெழுதியபடியே இருந்து, அந்த ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இறந்தார். இரண்டும் ஒரே நோய் என்பது அப்படித்தான் தெரியவந்தது. கரியோன் நோய் அவரால் விளக்கப்பட்ட நோயா, அவருக்கு வந்த நோயா?


இலக்கணப்பித்தன்:

தொகைச் சொற்கள் விரியும்போது இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கலாம் என்று நன்னூல் இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே "கரியோன் நோய்" என்று தொகையாகவே விட்டுவிட்டால் இரண்டு பொருளும் அதற்குள் தங்கும். சொல்தேடி அவர்கள் அடிக்குறிப்பில் இந்த இருவருக்கு மட்டும் இரண்டு விரிவையும் எழுதலாம். ட்ரூசோவுக்கு "விவரித்த" என்பது முன்னாலும் "வந்த" என்பது பின்னாலும், கரியோனுக்கு அதன் வரிசை மாறியும்.